மூன்று இருபது வண்டி

ஒரே நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க எனக்கு வரும். எல்லோருக்கும் வராது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முதல் வாரத்திலேயே முதுகு வலி என்று அலுவலக வேலைக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு வரச்சொன்னது ஒரு சின்ன விஷயத்துக்காக. முதியோர் இல்லத்துப் படிக்கட்டில் விழுந்து இறந்தவரின் கோப்பை மூடப்போகிறீர்கள். அதற்கு முன்னால், அங்கே வேலை பார்த்த டீச்சரின் மகள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த ஞாபகச் சோதனைத் தாளில் இருப்பது என் கையெழுத்துதானா என்று தெரிய வேண்டும். என்னுடையதுதான். ஆனால் அதில் ஓர் எண் தவறு. அது எப்படித் தவறானது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

நான் ஓர் ஆய்வுக் குழுவில் களப்பணியாளர். மறதி நோய் வந்த முதியவர்களைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆளிருக்கிறது. அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, படுக்கவைக்கிற பெண்களைப் பற்றி எழுத ஆளில்லை. எங்கள் குழு அதைத்தான் செய்கிறது. ஒரு நாளில் அவர்கள் எத்தனை முறை குனிகிறார்கள், எத்தனை பேரைத் தூக்குகிறார்கள், சாப்பிட உட்கார்ந்தவர்கள் எத்தனை தரம் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். இதெல்லாம் எண்ணாகக் கையில் இருந்தால்தான் இன்னும் ஓர் ஆள் போடுங்கள் என்று மேலே போய்க் கேட்க முடியும். வெறும் வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

மடியில் ஒரு தாள், கையில் ஒரு கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் என்ன வேலை நடக்கிறதோ அதற்குரிய எண்ணைக் குறிக்க வேண்டும். ஊட்டினால் ஒன்று. குளிப்பாட்டினால் இரண்டு. பேசி அமைதிப்படுத்தினால் நான்கு. பக்கத்தில் யாருமே இல்லாமல் முதியவர்கள் தனியாக விடப்பட்டிருந்தால் ஒன்பது. பார்க்கிற நேரத்தில் நாங்கள் பேசக் கூடாது, தொடக் கூடாது, கைகொடுக்கக் கூடாது. கைகொடுத்தால் எங்கள் உழைப்பும் கணக்கில் சேர்ந்து எண் கெட்டுவிடும். பயிற்சியில் எங்கள் பேராசிரியர் சொன்னார்: "நீங்க அங்க ஒரு நாற்காலிம்மா. நாற்காலி எந்திரிச்சு வந்து தண்ணி கொடுக்காது." எல்லோரும் சிரித்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எழுந்து குரல் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

எனக்குக் கொடுத்தது அந்த இல்லத்தின் மூன்றாவது மாடி. இருபத்திரண்டு முதியவர்கள். பகலில் அவர்களுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நல்ல உயரம், எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். இன்னொருவர்தான் டீச்சர். அவர் டீச்சர் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர். கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டு ஓர் அம்மா, "டீச்சர், நான் வீட்டுப்பாடம் எழுதிட்டேன்" என்று நடுங்கிக்கொண்டே சொல்லப்போய், அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்து நான்கு வயது. குள்ளம். ஆனால் தன்னைவிட இரண்டு மடங்கு கனமானவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைப் பார்த்தால் அது தூக்குவதுபோலவே இருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பேசி முடிவுக்கு வந்தது போல இருக்கும்.

இறந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஒரு காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். மனைவியின் முகம் மறந்துபோனது, மகனின் முகம் மறந்துபோனது, மூன்று இருபது வண்டி மட்டும் மறக்கவில்லை. தினமும் மூன்று மணி ஆனதும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கைக்குட்டையை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியை அனுப்பக் கிளம்பிவிடுவார். அவர் போகிற வழி நேராகப் படிக்கட்டுக் கதவுக்குத்தான் போகும். வேறு இல்லங்களில் இப்படிப்பட்டவர்களை நாற்காலியோடு கட்டிப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். டீச்சர் கட்டியதில்லை. எதிரே போய் நின்று, "வண்டி ஒரு மணி நேரம் லேட்டு சார். இப்பதான் போன் வந்துச்சு" என்பார்.

"இன்னைக்குமா? மேல எழுதிப் போடணும்."

"எழுதிப் போடுங்க சார். அதுவரைக்கும் உக்காந்து டீ குடிங்க."

அவர் அலுத்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். நான்கு என்று குறிப்பேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று எங்கள் தாளில் எழுத இடமில்லை.

படிக்கட்டுக் கதவில் பூட்டு கிடையாது. தீப்பிடித்தால் உடனே திறக்க வேண்டும் என்பதால் வெறும் தாழ்ப்பாள்தான், அதுவும் உச்சியில். இந்த நோய் வந்தவர்கள் கண் மட்டத்துக்கு மேலே எதையும் தேட மாட்டார்கள். டீச்சர் அதை ஒவ்வொரு தடவையும் குதிகாலை உயர்த்தி எக்கித்தான் போடுவார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவர் துணி அடுக்குகிற அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது. மடித்த போர்வைகளில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அழுகைக்கு எங்களிடம் எண் இல்லை. 'பிற' என்று குறித்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல்மனசுக்காரி இல்லை ஐயா. அதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

நான்காவது வார முடிவில் இடைக்கால அறிக்கையோடு பேராசிரியர் என்னை இந்த இல்லங்களுக்கு ஆள் போடுகிற துறையின் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ஒன்பதுங்கிறது ஆளில்லாத நேரம். ஒரு நாளைக்கு எழுபது நிமிஷம் வருது. சரி. அந்த எழுபது நிமிஷத்துல யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல சார்" என்றார் பேராசிரியர்.

"யாராவது வெளிய போயிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேர் போதும்னுதானே இதுக்கு அர்த்தம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். திரும்பும்போது லிஃப்டில் பேராசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் ஆகாத வரைக்கும் நம்ம எண் வாயத் திறக்காதும்மா."

பராமரிக்கிற பெண்களைப் பற்றி இது என் மூன்றாவது ஆய்வு. முதல் இரண்டும் இதே மாதிரி ஏதோ ஓர் அலமாரியில் படுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனையோ பெண்களின் இடுப்பும் முழங்காலும் இருக்கின்றன. அன்றைக்குப் பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். அந்த மாடியில் டீச்சர் நிழலாக நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கிற வரைக்கும் வெயில் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவருடைய கெட்டிக்காரத்தனம்தான் அவருக்கு எதிரி. இது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

மறுநாள் தேநீர் நேரத்தில், நான் தாளை மூடி வைத்திருந்தபோது, டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரிய ஆபீஸுக்குப் போனீங்களாமே. ஆள் போடுவாங்களா?"

"பாக்கலாங்கா."

"பாக்கலாம்னா வராதுன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரும் இருந்த வரைக்கும் அப்படித்தான் சொல்லுவாரு" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. காய்ச்சலில் கிடந்த ஒருவரை நெட்டை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலை பதினொரு மணியிலிருந்து டீச்சர் ஒரே ஆள். உங்கள் கோப்பில் இருப்பதை நான் படித்தேன். மதியம் மூன்று மணிக்கு மேல் குளியலறையில் ஓர் அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டார், பராமரிப்பாளர் அவரைத் தூக்கப் போனார், அப்போது படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது, பராமரிப்பாளரின் கவனக்குறைவு, பதினான்கு படிகள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 'திறந்திருந்தது' என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. அழுக்குத் துணி மூட்டையைக் கீழே அனுப்பிவிட்டு வந்து, டீச்சர் எக்கி நின்று போட்டார். நான் பார்த்தேன். என் தாளின் ஓரத்தில்கூட இருக்கிறது: 2.40, கதவு.

மூன்று மணி எட்டு நிமிடத்துக்குக் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. டீச்சர் ஓடினார். உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டினார். முழங்கை வரை சோப்பு நுரை. "தங்கச்சி, ஸ்டேஷன் மாஸ்டர் வர்ற நேரம். இவங்கள விட்டுட்டு என்னால வர முடியாது. ஒரு அஞ்சு நிமிஷம் அவரப் பாத்துக்கறீங்களா? வண்டி லேட்டுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போனார். நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இறக்கித் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. சொல்லப்போனால் அந்த மாடியில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான். ஒரு கை முறியும், அல்லது நெற்றியில் நாலு தையல் விழும் என்றுதான் நினைத்தேன். முதல் பக்கத்தில் போடுவதற்கு அது போதும். எதிர்பார்த்ததைவிட முடிவு அதிகமாக வருவது களத்தில் நடக்கிறதுதான்.

அவர் வந்தார். கழுத்து வரை பொத்தான், கையில் கைக்குட்டை. டீச்சரைத் தேடினார். காணவில்லை. ஐந்து வாரமாக என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காதவர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, வண்டி வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்" என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாள் தவறாமல் தாமதமான வண்டி அது. கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை உதறிப் பிரித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த மனிதனின் நடையில் போனார். கதவு திறந்தது. அப்போது மூன்று பதினாறு. மூன்று பதினைந்துக்கு நான் ஏற்கனவே ஒன்பது குறித்திருந்தேன். சத்தம் கேட்டது. ஓர் இடைவெளியின் நடுவில் எழுந்தால் அந்த இடைவெளி செல்லாது. மூன்று இருபது வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கும் ஒன்பது குறித்தேன். பிறகு எழுந்து குரல் கொடுத்தேன்.

டீச்சர் சோப்புக் கையோடு ஓடிவந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வண்டி லேட்டு சார், எந்திரிக்காதீங்க, வண்டி லேட்டு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

முதல் நாள் டீச்சர், "தாழ்ப்பாளைப் போட்டேன்" என்றார். இல்லத்து மேலாளர், "நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார். மறுநாள் மறுபடி கேட்டார். நீங்களும் கேட்டீர்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பாறைகூடக் கொஞ்சம் அசையும். மூன்றாம் நாள், "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். நான்காம் நாள், "மறந்துட்டேனோ என்னவோ" என்றார். அதைத்தான் நீங்கள் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினீர்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடும்ல தங்கச்சி. எங்களுக்காக எழுதறது நீங்க ஒருத்தர்தானே."

இந்தத் தடவை எண் வாயைத் திறந்தது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சம்பவம் இருந்தது. மூன்றே வாரத்தில் துறை ஆணை போட்டது. எல்லா மாடிகளிலும் படிக்கட்டுக் கதவுக்கு எண் அழுத்தித் திறக்கிற பூட்டு. ஒரு கேமரா. கதவைக் காவல்காக்கிற வேலை குறைந்துவிட்டதால் மதிய நேரத்துக்கு இனி ஓர் ஆள் போதும். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. அந்த ஆணையை மூன்று முறை படித்தேன். பேராசிரியர், "நம்ம கையில என்ன இருக்கு" என்றார். டீச்சரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெட்டையை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள். இப்போது மதியத்தில் அந்த மாடியில் புதிதாக வந்த ஒருத்தி, தனியாக இருபத்தொரு பேரோடு நிற்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து, வேலையை விட்டுப்போன பெண்களைச் சந்தித்துப் பேசுகிற கட்டம் வந்தது. பட்டியலில் டீச்சரும் இருந்தார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். என்னோடு பழகியவர் என்பதால் நானே போனேன்.

கதவைத் திறந்த மகள் வாசலிலேயே மெதுவாகச் சொன்னாள்: "அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை கதவப் போய்ப் போய்ப் பாக்கறாங்க. அடுப்பப் பாக்கறாங்க. என்னன்னு கேட்டா, 'போட்டேனா இல்லையான்னு தெரியலடி'ன்னு அழறாங்க." உள்ளே டீச்சர் உட்கார்ந்திருந்தார். குரலில் அந்தக் கணீர் இல்லை. என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"உங்ககிட்ட அந்த ஞாபகத் தாள் இருக்கும்ல. எனக்கும் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். ஆரம்பிச்சுருச்சான்னு தெரிஞ்சிக்கிட்டா நிம்மதியா இருக்கும்."

கேட்டேன். இன்று என்ன தேதி, என்ன கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். சாவி, பூனை, குடை என்று மூன்று சொல்; சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு கடிகாரம் வரையுங்கள். எல்லாம் சொன்னார். கடிகாரத்தின் பன்னிரண்டு எண்களும் பிசிறில்லாமல் அதனதன் இடத்தில் நின்றன. முப்பதுக்கு முப்பது. அந்த மாடியில் வேலை பார்த்தவர்களில் என்னையும் சேர்த்து யாருக்கும் அவ்வளவு வந்திருக்காது.

நான் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வலது கையை நீட்டினார். கட்டைவிரல் நகத்தின் பாதி இன்னும் கறுப்பாக இருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா தங்கச்சி. அன்னைக்குத் தாழ்ப்பாளப் போடும்போது விரல் நசுங்குச்சு. அந்த வலி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது பொய்யா இருக்க முடியுமா?"

நான் தாளைப் பார்த்தேன். மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு என்று எழுதினேன். பிறகு பூஜ்யம் என்ற இடத்தில் ஒன்று. இருபத்தொன்று. "கொஞ்சம் குறையுதுங்கா" என்றேன்.

அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது வேற எங்கயாவது நசுங்கியிருக்கும்" என்றார்.

அது அவருக்கு நல்லதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. குற்றவாளியாக இருப்பதைவிட நோயாளியாக இருப்பது மேல் இல்லையா. பாருங்கள், அந்தத் தாளை மகள் உங்களிடம் கொண்டுவந்த பிறகுதானே நீங்களும் பாவம் என்று சொல்லி அவர்மேல் வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். மகள் நாள் முழுக்க வேலைக்குப் போகிறவள். அம்மாவை அடுப்போடு தனியாக விட்டுப்போகப் பயப்படுகிறாள். அதே இல்லத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கட்டில் ஒன்று காலியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும். குடும்ப விஷயம்.

ஆனால் அந்தத் தாள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு வருடமாக நான் எண் எழுதுகிறேன். புதன்கிழமைத் தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு நாற்பது, கதவு. மூன்று பதினைந்து, ஒன்பது. மூன்று இருபது, ஒன்பது. ஒரு நிமிடம் முன்பின் இருக்காது. அப்படிப்பட்ட என் கையெழுத்தின் கீழே ஒரு பொய் எண் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதனால் அந்த இருபத்தொன்றை அடித்துவிட்டு முப்பது என்று திருத்த அனுமதி கொடுங்கள். பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பமிட்டுத் தருகிறேன். இதை டீச்சர் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்கு இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது. வேண்டுமென்றே நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.